நிலம் யாருடையது, சேமிப்பு யார் கையில்: நாடுகளின் பொருளாதார முறையையும் ஆட்சிமுறையையும் ஒப்பிடுவது பற்றி

கேள்வி: சிங்கப்பூர் முதலாளித்துவ நாடு, சீனா கம்யூனிச நாடு, சுவீடன் சோசலிச நாடு என்று படித்திருக்கிறோம். இவற்றுள் எந்த முறை சிறந்தது? பொருளாதார வளர்ச்சிக்கு ஜனநாயகம் தடையாக இருக்கிறதா? சிங்கப்பூர் வழியை இந்தியா ஏன் பின்பற்றக் கூடாது?

பதில்:

இந்த மூன்று அடைமொழிகளில் ஒன்றுகூட அந்தந்த நாட்டின் நடைமுறையைச் சரியாகச் சொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். சீனாவில் கோடிக்கணக்கான தனியார் நிறுவனங்கள் லாபத்துக்காக இயங்குகின்றன. சுவீடனின் பெரிய தொழிற்சாலைகளில் அநேகமானவை எப்போதும் தனியார் கையிலேயே இருந்துவந்துள்ளன. நாடுகள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பெயர்களும் உதவுவதில்லை. இலங்கை 'ஜனநாயக சோசலிசக் குடியரசு' என்ற பெயரைப் பெற்றது 1978 இல். தனியார் நிலவுடைமைக்கு உச்சவரம்பு விதித்துப் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கிய சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் அல்ல, 1977 இல் அவரைத் தோற்கடித்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில்தான் அந்தச் சொல் நாட்டின் பெயரில் ஏறியது. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் 'சோசலிச' என்ற சொல் 1976 இல், நெருக்கடிநிலைக் காலத்தில், 42 ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. 1991 க்குப் பிறகு வந்த எந்த அரசும் அதை நீக்கவும் இல்லை, அதைப் பொருட்படுத்தவும் இல்லை. வடகொரியாவின் அதிகாரபூர்வப் பெயரிலும் 'ஜனநாயகம்' இருக்கிறது. முடியாட்சி, குடியரசு என்ற பாகுபாடும் இதே கதைதான்: சுவீடனும் சவூதி அரேபியாவும் மன்னர்களைக் கொண்ட நாடுகள், ஆனால் ஒன்றின் மன்னருக்கு ஓர் அமைச்சரை மாற்றும் அதிகாரம்கூடக் கிடையாது.

ஆகவே ஒரு நாட்டைப் பற்றிப் பேசும்போது அதன் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். நிலம் யாருடையது, அதை யார் எந்த விலைக்கு யாரிடமிருந்து எடுக்க முடியும் என்பது முதலாவது. மக்களின் சேமிப்பு எங்கே போய்ச் சேருகிறது, அதை எதில் போடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் ஆள்பவர்கள் தவறு செய்தால் அவர்களை யார், எந்த வழியில் தடுக்க முடியும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பொருளாதார முறை பற்றியவை, மூன்றாவது ஆட்சிமுறை பற்றியது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நாடுகள் நாம் பழகிய வரிசையில் நிற்பதில்லை.

கேள்வியில் சிங்கப்பூர் இரண்டு முறை வருவதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலகின் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியல்களில் அது வழக்கமாக முதலிடத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும். குறைந்த வரி, தடையற்ற வணிகம், லஞ்சமற்ற அலுவலகங்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படும் இடம் அது, நியாயமானதும்கூட. ஆனால் அந்தப் பட்டியல்கள் நிலத்தைப் பெரிதாகக் கணக்கில் கொள்வதில்லை. 1966 இல் இயற்றப்பட்ட நிலக் கையகப்படுத்தல் சட்டம், பொதுத் தேவைக்கு மட்டுமன்றி, குடியிருப்பு, வணிகம், தொழில் ஆகிய எதற்காகவும் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1973 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இழப்பீட்டை அந்த ஆண்டு நவம்பர் மாத விலையோடு கட்டிப்போட்டது. அதாவது, பின்னாளில் நிலத்தின் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் உரிமையாளருக்குப் பழைய விலைதான். அந்த அடிப்படைத் தேதி இடையிடையே முன்னுக்கு நகர்த்தப்பட்டாலும், முழுச் சந்தை விலை தரும் முறை 2007 இல்தான் திரும்பியது. இன்று அத்தீவின் நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அரசுடையது. இதையே மேற்கு வங்கத்தில் ஒரு இடதுசாரி அரசு செய்திருந்தால் நாம் என்ன பெயரிட்டு அழைத்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். மேற்கு வங்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நிலத்தின் மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடிகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நால்வர் வாழ்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் 'வீட்டுச் சொந்தக்காரர்கள்'. 99 ஆண்டுக் குத்தகைதான் அங்கே சொந்தம். மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்கும் 30 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சம்பளத்திலிருந்து 20 சதவீதமும், முதலாளியிடமிருந்து அதற்கு மேல் 17 சதவீதமும் மத்திய சேம நிதிக்குப் போகின்றன: மாதம் 1,480 வெள்ளி. அதில் 920 வெள்ளி, அதாவது சம்பளத்தில் 23 சதவீதம், சாதாரணக் கணக்கில் விழுகிறது. மீதி ஓய்வுக்காலத்துக்கும் மருத்துவத்துக்குமான கணக்குகளுக்குப் போகிறது. சாதாரணக் கணக்குக்கு வட்டி 2.5 சதவீதம். அந்தப் பணத்தைக் கொண்டே அவர் வீவக வீட்டின் மாதத் தவணையைக் கட்டுகிறார், கழகம் தரும் வீட்டுக் கடனின் வட்டி 2.6 சதவீதம். சேம நிதியில் எஞ்சிய தொகை சிறப்பு அரசுப் பத்திரங்களில் முதலிடப்படுகிறது. அரசு அப்பணத்தைத் தன் மற்றச் சொத்துகளோடு சேர்த்து, பெரும்பாலும் 1981 இல் தொடங்கப்பட்ட ஜிஐசி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் வழியாக, உலகச் சந்தைகளில் போடுகிறது. பிற்காலத்தில் அவர் வீட்டை விற்றால், சேம நிதியிலிருந்து எடுத்த தொகையை 2.5 சதவீத வட்டியோடு தன் கணக்குக்கே திருப்ப வேண்டும். நிலம், வீடு, கடன், ஓய்வூதியம் ஆகிய நான்கிலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே, அவர் அரசு.

இத்துடன் 1974 இல் உருவான தெமாசெக் நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பான்மைப் பங்குகளும், டிபிஎஸ் வங்கியின் மிகப் பெரிய பங்குத்தொகுதியும் அதன் கையில் உள்ளன. அந்த நிறுவனங்கள் அரசுத்துறைபோல் அல்லாமல் லாபக் கணக்கோடு நடத்தப்படுகின்றன, அமைச்சர்கள் அவற்றில் தம் ஆட்களுக்கு வேலை கேட்பதில்லை. இதுதான் சிங்கப்பூரின் உண்மையான தனித்தன்மை என்று கருதுகிறேன். உடைமை அரசிடம் இருக்கிறது, நடத்தை சந்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. இதை முதலாளித்துவம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது.

ஆள்பவர்களைத் தடுப்பது யார் என்ற மூன்றாவது கேள்விக்குச் சிங்கப்பூர் தரும் விடை சிக்கலானது. மக்கள் செயல் கட்சி 1959 முதல் இடைவெளியின்றி ஆள்கிறது. வாக்குகள் ஒழுங்காகவே எண்ணப்படுகின்றன, ஆனால் பல இடங்களுக்கு ஒரே அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறை, அவதூறு வழக்குகள், ஊடகக் கட்டுப்பாடு ஆகியவற்றால் களம் சமமாக இல்லை. 2025 தேர்தலில் அக்கட்சி சுமார் 65.6 சதவீத வாக்குகளோடு 97 இடங்களில் 87 ஐப் பெற்றது. அப்படியானால் வாக்குக்கு அங்கே வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. 2000 களில் வீவக புதிய வீடுகள் கட்டுவதைக் குறைத்துக்கொண்டது, குடியேறுவோர் எண்ணிக்கை வேகமாகக் கூடியது, வீட்டு விலை ஏறியது. 2011 தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 60.1 சதவீதத்துக்கு இறங்கி, அல்ஜூனிட் குழுத்தொகுதி முதன்முறையாக எதிர்க்கட்சியிடம் போனது. தேர்தல் முடிந்ததும் தேசிய வளர்ச்சி அமைச்சர் அமைச்சரவையிலிருந்து விலகினார், வீடு கட்டும் வேகம் கூட்டப்பட்டது, வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி இறுக்கப்பட்டது, அமைச்சர்களின் சம்பளமும் அடுத்த ஆண்டு குறைக்கப்பட்டது. ஆட்சி மாறவில்லை, கொள்கை மாறியது. முழு ஜனநாயகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். சர்வாதிகாரம் என்று சொல்பவர்கள் 2011 ஐ விளக்க வேண்டும்.

சீனாவுக்கு வருவோம். அங்கே நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் கூட்டுடைமை என்று 1982 அரசியலமைப்பு சொல்கிறது. விவசாயத்தில் மாற்றம் தொடங்கிய கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1978 இன் இறுதியில் ஆன்ஹுய் மாகாணத்தின் ஃபெங்யாங் வட்டத்தில், சியாவ்காங் என்ற சிற்றூரில், 18 விவசாயிகள் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணையின் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள ரகசியமாக ஒப்பந்தம் எழுதிக் கைரேகை வைத்தார்கள். அரசுக்குத் தர வேண்டிய தானியத்தைத் தந்துவிடுவோம், இதற்காக யாராவது சிறைக்குப் போனாலோ கொல்லப்பட்டாலோ அவருடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்போம் என்பது அதில் எழுதப்பட்டிருந்த உறுதி. 1959–61 பஞ்சத்தில் பேரழிவைக் கண்ட வட்டம் அது, அந்த அச்சத்தை அப்படிப்பட்ட ஊரில்தான் புரிந்துகொள்ள முடியும். மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி அவர்களைத் தண்டிக்காமல் விட்டதும், அம்முறை சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியதும், மக்கள் கம்யூன்கள் கலைக்கப்பட்டதும் பின்கதை. இதில் கவனிக்க வேண்டியது, நிலம் தனியாருக்குப் போகவில்லை என்பதுதான். பயன்படுத்தும் உரிமையும் விளைச்சலின் மிச்சமும் மட்டும் கைமாறின. உற்பத்தி பெருக அதுவே போதுமானதாக இருந்தது.

நகர நிலத்தின் கதை அவ்வளவு அறியப்பட்டதல்ல, இன்றைய சீனாவைப் புரிந்துகொள்ள அதுவே அதிகம் உதவும். 1987 டிசம்பர் 1 அன்று ஷென்ஜென் நகரில் 8,588 சதுர மீட்டர் நிலத்தின் பயன்பாட்டு உரிமை பொது ஏலத்தில் 52.5 லட்சம் யுவானுக்குப் போனது. அன்றைக்கு நிலத்தை விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் அரசியலமைப்பே தடைசெய்திருந்தது. திருத்தம் அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. முதலில் செய்து பார்த்துவிட்டுப் பிறகு சட்டத்தை எழுதுவது சீனச் சீர்திருத்தத்தில் திரும்பத் திரும்ப வரும் பாங்கு. 1994 இல் வரிப் பகிர்வு முறை மாற்றப்பட்டு, மொத்த அரசு வருவாயில் மத்திய அரசின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண்டில் உயர்ந்தது. பள்ளி, சாலை, மருத்துவமனை ஆகிய செலவுகள் மட்டும் உள்ளாட்சிகளின் தலையிலேயே நின்றன. சொத்துவரி விதிக்க வழியில்லாத, ஆனால் தம் பகுதியின் வளர்ச்சி விகிதத்தைக் காட்டிப் பதவி உயர வேண்டியிருந்த உள்ளூர் அதிகாரிகளிடம் இருந்த ஒரே சொத்து நிலம். விவசாயியிடமிருந்து குறைந்த இழப்பீட்டுக்கு எடுத்து, கட்டுமான நிறுவனத்துக்கு அதிக விலைக்குக் குத்தகை விட்டார்கள். வங்கியில் வட்டி குறைவாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்ததாலும், பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தடை இருந்ததாலும், குடும்பங்களின் சேமிப்பு அடுக்குமாடி வீடுகளில் போய் விழுந்தது. 2021 இல் உள்ளாட்சிகள் நில உரிமை விற்றுப் பெற்ற வருவாய் சுமார் 8.7 லட்சம் கோடி யுவான். அதே ஆண்டில் எவர்கிராண்டே என்ற கட்டுமான நிறுவனம் 30,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பொறுப்புகளோடு கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. 2022 இல் பல நகரங்களில், கடன் வாங்கி முன்கூட்டியே பணம் கட்டியும் வீடு கட்டிமுடிக்கப்படாதவர்கள் தவணை கட்ட மறுத்தார்கள்.

இங்கேதான் ஒப்பீடு பயன்படுகிறது. நிலம் அரசுடையது, மக்களுக்குக் குத்தகை உரிமை மட்டும் என்பதில் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, நிலம் விற்ற பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் அந்தப் பணம் வரவுசெலவுத் திட்டத்துக்குள் வராது. அது கையிருப்பில் சேர்ந்து முதலிடப்படும், அந்த முதலீட்டிலிருந்து நீண்டகாலத்தில் எதிர்பார்க்கப்படும் ஆதாயத்தில் பாதிவரை மட்டுமே ஓர் அரசு செலவழிக்கலாம். முந்தைய அரசுகள் சேர்த்த கையிருப்பைத் தொட வேண்டுமானால், 1991 முதல், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிபரின் ஒப்புதலும் வேண்டும். சீன உள்ளாட்சிகள் நிலப் பணத்தை வந்த ஆண்டிலேயே செலவழித்தன, போதாதற்கு வருங்கால நில விற்பனையைக் காட்டிக் கடனும் வாங்கின. சொத்துரிமை பற்றிய கோட்பாடு இரண்டு நாடுகளிலும் ஒன்றுதான். நிதிப்பெட்டியின் பூட்டு வேறு.

சிலியின் வரலாறு இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1973 செப்டம்பர் 11 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அயெந்தேயைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பினோசே, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பொருளியலாளர்களிடம் நிதிக்கொள்கையை ஒப்படைத்தார். சுங்கவரி குறைந்தது, அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன, 1981 இல் ஆற்று நீரைப் பயன்படுத்தும் உரிமைகூட வாங்கி விற்கத்தக்க தனிச் சொத்தானது. அதே ஆண்டு ஓய்வூதியமும் தனியார் நிதி நிறுவனங்களுக்குப் போனது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும், முதலாளி எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்தச் சீர்திருத்தத்திலிருந்து விலக்கு பெற்று, பழைய அரசு ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்ட பிரிவு ஒன்று உண்டு: ராணுவம். இன்னொன்றும் சந்தைக்குப் போகவில்லை. 1971 இல் அயெந்தே காலத்தில் நாடாளுமன்றம் ஒருமனதாக அரசுடைமையாக்கிய செப்புச் சுரங்கங்களைப் பினோசே திருப்பித் தரவேயில்லை, 1976 இல் கோடெல்கோ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார். அதன் ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதம் சட்டப்படி ஆயுதப்படைகளின் தளவாடச் செலவுக்குப் போய்க்கொண்டிருந்தது, அச்சட்டம் 2019 இல்தான் நீக்கப்பட்டது. தடையற்ற சந்தையின் பரிசோதனைக்கூடம் என்று புகழப்பட்ட நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் இறுதிவரை அரசுடையதாகவே இருந்தது.

சர்வாதிகாரம் பொருளாதாரத்தை உறுதியாக நடத்தும் என்று நம்புகிறவர்கள் சிலியின் 1982 ஐப் பார்க்க வேண்டும். 1979 முதல் ஒரு டாலருக்கு 39 பெசோ என்று மாற்று விகிதத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். மலிவான டாலர் கடனில் வங்கிகளும் பெருங்குழுமங்களும் மூழ்கின. விமர்சிக்கப் பத்திரிகையோ நாடாளுமன்றமோ இல்லாத நிலையில், அந்த விகிதம் 1982 ஜூன் வரை நீடித்தது. அந்த ஆண்டு உற்பத்தி பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, 1983 ஜனவரியில் அரசே பெரிய வங்கிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 'சோசலிசத்துக்கான சிகாகோ பாதை' என்று சிலி மக்கள் கேலி செய்தார்கள். 1988 பொதுவாக்கெடுப்பில் பினோசே தோற்று, 1990 இல் குடியாட்சி திரும்பியபின் வந்த அரசுகள் திறந்த வணிகத்தை மாற்றவில்லை, வரியைச் சற்று உயர்த்தி சமூகச் செலவைக் கூட்டின. வேகமான, நிலையான வளர்ச்சியும் வறுமைக் குறைவும் அந்தக் காலத்தில்தான் நிகழ்ந்தன. ஓய்வூதியம் மட்டும் தீராத புண்ணாக நின்றது. 2019 அக்டோபரில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ உயர்ந்ததில் வெடித்த கிளர்ச்சியில் அதுவும் ஒரு முக்கியக் குறையாக இருந்தது. முதலாளிகளின் பங்களிப்பைச் சேர்க்கும் சட்டம் 2025 தொடக்கத்தில்தான் நிறைவேறியது, அதாவது 44 ஆண்டுகள் கழித்து.

சுவீடனைச் சோசலிச நாடு என்று அழைப்பது அமெரிக்க அரசியல் விவாதங்களிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் 1976 வரை ஏறத்தாழத் தொடர்ந்து ஆண்டபோதும் நிலமும் தொழிற்சாலைகளும் தனியாரிடமே இருந்தன. பெருந்தொழிலதிபர்களான வாலன்பெரி குடும்பத்தின் செல்வாக்கு அந்தக் காலத்தில் குறையவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம்கூட அங்கே இன்றுவரை இல்லை, ஊதியத்தைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் பேசித் தீர்க்கின்றன. அரசு செய்தது, விளைந்த வருமானத்தில் பெரும்பங்கை வரியாக எடுத்துக் கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்குச் செலவிட்டது. பெரும்பாலான பொருள்களின் மேல் விதிக்கும் மதிப்புக்கூட்டு வரியே அங்கே 25 சதவீதம், பணக்காரர்களிடம் மட்டும் வாங்கி அந்த அமைப்பை நடத்துகிறார்கள் என்பது தவறான எண்ணம்.

சேமிப்பின் உரிமை பற்றி அங்கே நடந்த சண்டை சுவையானது. சம்பளத்தோடு இணைந்த பொது ஓய்வூதியத் திட்டம் 1959 இல் நாடாளுமன்றத்தில் 115 க்கு 114 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது, அதுவும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால். அதன் நிதியங்கள் நாட்டின் மிகப் பெரிய சேமிப்புத் தொகுதியாயின. 1970 களில் தொழிற்சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனங்களின் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றித் தொழிலாளர் நிதியங்களுக்குத் தர வேண்டும் என்றன. முழுமையாக நடந்திருந்தால் சில பத்தாண்டுகளில் பெரிய நிறுவனங்களின் உடைமையே கைமாறியிருக்கும். 1983 அக்டோபர் 4 அன்று முதலாளிகளும் சிறுதொழில் செய்வோரும் பல்லாயிரக்கணக்கில் ஸ்டாக்ஹோம் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். மிகவும் நீர்க்கச் செய்யப்பட்ட வடிவில் அந்த ஆண்டு டிசம்பரில் மசோதா வந்தபோது, நிதியமைச்சர் ஷெல்-ஓலோஃப் ஃபெல்ட் அவையில் உட்கார்ந்தபடியே அந்த நிதியங்களைத் திட்டி ஒரு துணுக்குப் பாட்டைக் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் படம்பிடித்துவிட்டார். 1991 இல் வந்த வலதுசாரி அரசு அவற்றைக் கலைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகளுக்குத் தனியார் போட்டி வந்தது, வாரிசு வரியும் செல்வ வரியும் 2000 களில் ஒழிந்தன, வாரிசு வரியை ஒழித்தது சமூக ஜனநாயக அரசுதான். முன்னே போனதும் பின்வாங்கியதும் வாக்குச்சீட்டின் வழியாகவே நடந்தன, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

இந்த நாடுகளை வைத்துக்கொண்டு, வளர்ச்சிக்கு ஜனநாயகம் தடையா என்ற கேள்விக்கு என்ன சொல்லலாம்? பாக் சுங் ஹீயின் தென்கொரியாவும் மொபுட்டுவின் ஜயீரும் (இன்றைய காங்கோ) ராணுவப் புரட்சியில் பிறந்த ஆட்சிகளே. ஒன்று உருக்காலைகளைக் கட்டியது, மற்றொன்று நாட்டைச் சுரண்டித் தீர்த்தது. சர்வாதிகாரத்தை ஆதரிப்பவர்கள் முதலாமதை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். தைவானும் தென்கொரியாவும் 1987 ஐ ஒட்டி ஜனநாயகத்துக்கு மாறியபின் ஏழையாகிவிடவில்லை, நாம் இன்று அறிந்த செல்வ நிலையை அதன் பிறகே அடைந்தன. 1966 இல் விடுதலை பெற்றது முதல் தேர்தல்களை ஒழுங்காக நடத்திவரும் போட்ஸ்வானா, தன் வைரச் சுரங்கத்தில் அரசு பாதிப் பங்கை வைத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் உலகின் மிக வேகமாக வளர்ந்த நாடுகளுள் ஒன்றாக இருந்தது. தடுக்க ஆளில்லாத ஆட்சி மிக நன்றாகவும் செய்யலாம், மிக மோசமாகவும் செய்யலாம், எது அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பஞ்சத்தை உண்டாக்கியதும் பிறகு கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து தூக்கியதும் ஒரே சீனக் கம்யூனிஸ்ட் கட்சிதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜனநாயகம் தவறுகளை விரைவாகத் திருத்தும் என்பது எப்போதும் உண்மையல்ல. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் கேட்ட இந்தியாவின் உரிமக் கட்டுப்பாட்டு முறை 1951 முதல் நாற்பது ஆண்டுகள் தேர்தலுக்குத் தேர்தல் நீடித்தது. அதை எதிர்த்து எந்த வாக்காளர் அலையும் எழவில்லை. 1991 இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய்த் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்த நிலையில்தான் அது கலைந்தது. பட்டினியை வாக்காளர் உடனே தண்டிப்பார், மெதுவான வளர்ச்சியை அவர் கவனிப்பதேயில்லை.

இனி, சிங்கப்பூர் வழி இந்தியாவுக்கு ஏன் ஆகவில்லை என்பது. நிலத்தை எடுத்துக்கொள்வோம். 2006 இல் மேற்கு வங்கத்தின் சிங்கூரில், 1894 ஆம் ஆண்டுக் காலனியச் சட்டத்தைப் பயன்படுத்தி, டாட்டாவின் சிறு கார் தொழிற்சாலைக்காக இடது முன்னணி அரசு சுமார் 1,000 ஏக்கரைக் கையகப்படுத்தியது. கம்யூனிஸ்டுகள் தனியார் நிறுவனத்துக்காக விவசாய நிலத்தை எடுத்தார்கள், அதை எதிர்த்து நின்ற மம்தா பானர்ஜி இடதுசாரி அல்லாதவர். பெயர்ப்பலகைகளின் கதி இங்கும் அதுவே. 2008 இல் தொழிற்சாலை குஜராத்துக்குப் போனது, 2011 இல் 34 ஆண்டு ஆட்சி வீழ்ந்தது, 2013 இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றித் தனியார் திட்டங்களுக்கு 80 சதவீத நில உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்றது, 2016 இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பயிர் வைத்து வாழும் கோடிக்கணக்கான வாக்காளர்கள் உள்ள நாட்டில் 1973 விலைக்கு நிலம் எடுக்கும் சட்டம் ஒரு தேர்தலைக்கூடத் தாண்டாது. கிராமப்புறம் என்றே பெரிதாக ஒன்று இல்லாத தீவில், விடுதலைக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டும் திறந்திருந்த வாய்ப்பு அது. சேமிப்பும் அப்படியே. நம் வருங்கால வைப்பு நிதியிலும் தொழிலாளியும் முதலாளியும் 12 சதவீதம் வீதம் கட்டுகிறார்கள், ஆனால் சம்பளப் பட்டியலே இல்லாத வேலைகளில் இருப்பவர்கள்தான் நம் நாட்டில் பெரும்பாலோர். அவர்களிடம் மாதாமாதம் பிடித்தம் செய்ய யாரும் இல்லை.

எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு, அது நிதிப்பெட்டியின் பூட்டு. அதையும் இந்தியா ஒருமுறை முயன்றிருக்கிறது. பொதுத்துறைப் பங்குகளை விற்று வரும் தொகையைச் செலவழிக்காமல் நிரந்தர நிதியாக வைத்து, அதன் ஆதாயத்தை மட்டும் சமூகத் திட்டங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களின் மூலதனத்துக்கும் பயன்படுத்துவது என்று 2005 இல் தேசிய முதலீட்டு நிதி அமைக்கப்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து 2009 ஏப்ரல் முதல், விற்று வரும் முழுத்தொகையையும் சமூகத் திட்டங்களுக்கே செலவிடலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. 2013 இல் அது மறுபடி மாற்றப்பட்டு, வங்கிகளுக்கு மூலதனம் தருவதும் ரயில்வே முதலீடும் செலவுப் பட்டியலில் சேர்ந்தன. இதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்போ அரசியலமைப்புத் திருத்தமோ தேவைப்படவில்லை, ஏனெனில் நிதியை உருவாக்கியதும் ஓர் அமைச்சரவை முடிவுதான். சிங்கப்பூரில் அதே காரியத்துக்கு அதிபரின் கையெழுத்து வேண்டியிருந்திருக்கும். 2009 நெருக்கடியில் அந்த நாட்டு அரசு 490 கோடி வெள்ளியைப் பழைய கையிருப்பிலிருந்து எடுக்க அதிபர் எஸ். ஆர். நாதனிடம் விண்ணப்பித்துத்தான் ஒப்புதல் பெற்றது, முதன்முறையாக. அதில் உண்மையில் எடுத்த 400 கோடியை இரண்டே ஆண்டுகளில் திருப்பியும் வைத்தது.